கொறங்காட்டைக் குத்தகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் பங்காளிகளுக்கும்,

வணக்கம்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், குண்டடம், அரவக்குறிச்சி என்று இந்த வட்டாரத்தில் அப்பா, தாத்தா வழியில் கொறங்காடு என்கிற வேலி கட்டிய மேய்ச்சல் காடு வந்து சேர்ந்து, அதை வருடக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரிலோ கோவையிலோ ஈரோட்டிலோ குடியிருக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். நான் கொஞ்சம் சொந்தக் காடு, மிச்சமெல்லாம் குத்தகைக் காடு என்று செம்மறியும் சில காங்கயம் மாடுகளும் வைத்துப் பிழைக்கிறவன். ஆகவே நான் கேட்கப்போவதில் என் லாபமும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு பொதுநலம் பேசினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம்.

கேட்பது இதுதான். வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு காட்டை விடுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். குறைந்தது 3 வருடம், முடிந்தால் 5 வருடம் விடுங்கள். பணம் பேசும்போதே உள்ளே எத்தனை உருப்படி மேயலாம் என்றும் பேசிவிடுங்கள். வருடக் கடைசியில் தரையில் எவ்வளவு புல் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதனால் உங்கள் குத்தகைப் பணம் முதல் வருடம் கொஞ்சம் குறையலாம். அப்புறம் ஏன் செய்யச் சொல்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் வராத யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு பத்தி. கொறங்காடு என்பது தரிசு கிடையாது. சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல் மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல், இடையிடையே நரிப்பயறு மாதிரி தானாக வருகிற கொடிவகை. பெரும்பாலும் நாலு ஏக்கரை ஒட்டிய துண்டுகள். கிணற்றுப் பாசனம் இல்லை. வருடத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது வெறும் காற்று. வெள்ளாமை வைத்தால் நாலு வருடத்தில் ஒரு வருடம்தான் வீடு வந்து சேரும் என்கிற மண்ணில், புல்லை நட்டு, வேலி கட்டி, மரம் விட்டு, ஆட்டையும் மாட்டையும் உள்ளே அனுப்பிப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நம் முன்னோர் கண்டுபிடித்த பண்ணையம் அது. காங்கயம் மாடு இன்றைக்கு இந்த நடையோடும் திமிலோடும் நிற்கிறதென்றால் அதில் இந்த இனத்தைப் பேணி வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்தப் புல்லுக்கும் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வருடக் குத்தகைக்குக் காடு எடுத்தவன் மாசி, பங்குனியில் என்ன நினைப்பான் என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் ரெண்டு மாதத்தில் காடு கைமாறிவிடும். அடுத்த வருடம் தனக்கே வருமா, இருநூறு, முந்நூறு கூடச் சொன்ன வேறொருவனுக்குப் போகுமா தெரியாது. இந்த நிலையில் ஒரு தூர் புல்லை மிச்சம் வைத்தால் அது அவனுக்கு நட்டம், அடுத்து வருகிறவனுக்கு லாபம். எனவே காடு வழித்து எடுத்த மாதிரி ஆகும்வரை ஆடு உள்ளேயே நிற்கும். நானும் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. குத்தகை பேசிய விதம் அவனை அப்படிச் செய்ய வைக்கிறது.

அப்படி வழித்து எடுத்த காட்டுக்குச் சித்திரையில் ஒரு தடவை நேரில் வாருங்கள். காரை ரோட்டில் நிறுத்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கொழுக்கட்டைத் தூரைக் கையால் அசைத்துப் பாருங்கள். நல்ல தூர் அசையாது. அதன் அடி சற்றே பருத்து, விரலுக்குக் கெட்டியாக இருக்கும். அடுத்த மழைக்கு முதல் இலை விடத் தேவையான சத்தை புல் அங்கேதான் சேர்த்து வைக்கிறது. மொட்டையடித்த தூரில் அந்தப் பருத்த அடியைக் காணோம். கருத்துப்போன நார் மட்டும் நிற்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். இந்த வேலையை மாடு அவ்வளவாகச் செய்யாது. மாடு நாக்கைச் சுழற்றிப் பிடுங்குவதால் ரெண்டு அங்குலத்துக்குக் கீழே அதனால் மேய முடியாது. செம்மறிக்கு மேலுதடு பிளந்திருக்கிறது, முகம் குறுகல். தரையை உரசி மேயும். பசி அதிகமானால் குளம்பால் கீறி அடியையே கடித்துவிடும். விதைநெல்லை ஆக்கித் தின்கிற கதைதான்.

தூர் செத்த இடம் சும்மா கிடக்காது. முதலில் ஊசிப்புல்லும் ஒரு பருவப் புற்களும் வரும். ஊசிப்புல் கதிர்விட்டால் அதன் முள் ஆட்டின் வாயிலும் தோலிலும் ஏறிப் புண்ணாக்கும். பின்னாலேயே ஆவாரை, அப்புறம் பார்த்தீனியம், ஓரத்தில் சீமைக்கருவேலம். பச்சையாகத்தான் தெரியும். ஊருக்கு வந்துபோகிறவர்கள் “காடு நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆட்டுக்குத் தெரியும், அதில் பாதி தின்னாத பச்சை என்று.

வேர் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கிரைடர் என்பவர் பல புல் வகைகளை வெவ்வேறு அளவுக்கு வெட்டி, வெட்டிய பிறகு வேர் எப்படி வளர்கிறது என்று பார்த்து 1955-இல் வெளியிட்டார். இலையில் பாதிவரை எடுத்தபோது வேரின் வளர்ச்சி ஏறக்குறைய தொய்வில்லாமல் தொடர்ந்தது. பாதியைத் தாண்டியதும் சடசடவென்று குறைந்தது. பத்தில் எட்டுப் பங்கு எடுத்தபோது வேர் வளர்வதே நாட்கணக்கில் நின்றுபோனது. மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க “பாதியை எடு, பாதியை விடு” என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். நம் மண்ணில் வேர் ஆழம் போகவில்லையென்றால் கார்த்திகை மழை மேலே ஈரம் காட்டிவிட்டுப் போய்விடும். தை மாதக் காற்றிலேயே புல் சுருண்டுவிடும்.

இப்போது எத்தனை ஆடு என்ற கணக்கு. இதை யாரும் போடுவதில்லை. “நாலு ஏக்கருக்கு எங்கப்பாரு காலத்துல இருபது ஆடு மேஞ்சுது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்பா காலத்தில் அந்த இருபதும் இந்த நாலு ஏக்கரை மட்டும் மேயவில்லை. அறுத்த சோளக்காட்டுத் தாள் இருந்தது, கடலைக்காட்டுக் கொடி இருந்தது, ஏரிக்கரை இருந்தது, வீட்டில் சோளத்தட்டுப் போர் இருந்தது. இன்றைக்கு அதில் பாதி இல்லை.

அளக்கிறது கஷ்டமில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்று கம்பியிலோ குச்சியிலோ கட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து புல் கதிர்விட்ட சமயத்தில் காட்டுக்குள் போய், பார்த்துப் பார்த்து வைக்காமல், நடக்கிற போக்கில் பத்து இடத்தில் போடுங்கள். பாறை மேல் விழுந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல இடமாகத் தேடி வைத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்று அர்த்தம். சட்டத்துக்குள் இருக்கிற தின்னக்கூடிய புல்லை மட்டும் தரையோடு அறுத்து, நன்றாகச் சருகாகும்வரை வெயிலில் காயவைத்து, எடை போட்டுச் சராசரி எடுங்கள். கிராமில் வருகிற அந்த எண்ணை நாலால் பெருக்கினால் ஓர் ஏக்கருக்கு எத்தனை கிலோ காய்ந்த புல் என்பது கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும்.

உதாரணத்துக்குச் சராசரி 250 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1,000 கிலோ. நாலு ஏக்கருக்கு 4,000 கிலோ. பாதியை விட வேண்டும், ஆகவே மேய்ச்சலுக்கு 2,000 கிலோ. 25 கிலோ எடையுள்ள ஒரு மேச்சேரி இனச் செம்மறி தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு காய்ந்த தீவனம் தின்னும் என்று பிடித்தால் நாளுக்கு முக்கால் கிலோ, வருடத்துக்கு சுமார் 275 கிலோ. கணக்கு ஏழு ஆட்டில் வந்து நிற்கிறது. 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு என்று பிடித்தால் நாளுக்கு ஏழரைக் கிலோ. அந்த 2,000 கிலோ ஒரு பசுவுக்கே ஒன்பது மாதம்கூட வராது. இதே காட்டில் இருபது ஆட்டை விட்டால் நாளுக்கு 15 கிலோ போகும். நாலரை மாதத்தில் எடுக்க வேண்டிய பாதி தீர்ந்துவிடும். விட வேண்டிய பாதியும் ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். மிதிபட்டதும் கரையான் தின்றதும் இதில் சேரவில்லை. கார்த்திகையில் நிறைந்திருந்த காடு ஆடிக்கு முன்னாலேயே மண்ணாகத் தெரிவது ஏனென்று இப்போது புரியும்.

கோடை மழையில் ஒரு தளிர்ப்பு வரும், வேலங்காய் இருக்கிறது, வீட்டுத் தீவனம் இருக்கிறது. அதையெல்லாம் சேர்த்து ஏழைப் பத்தாக்கலாம், பன்னிரண்டாக்கலாம். உங்கள் காடு 400 கிராம் காட்டினால் இன்னும் கூடும். ஆனால் அளக்காமல் இருபது என்று சொல்லாதீர்கள்.

லாபம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆடு வளர்ப்பில் பணம் எங்கே ஒழுகுகிறது என்று வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுகிறவர்களைக் கேளுங்கள். மாசி முதல் வைகாசி வரை வெளியில் வாங்குகிற மேவு (தீவனம்), அந்த மாதங்களில் இளைத்துப்போய் அடிமாட்டு விலைக்கு விற்கிற உருப்படி, பால் வற்றியதால் செத்துப்போகிற குட்டி. மூன்றுக்கும் காரணம் ஒன்று: காட்டில் இருக்கிற புல்லுக்கு மேல் ஆடு. எண்ணிக்கையைக் குறைத்தவனிடம் குட்டி குறைவாகத்தான் பிறக்கும். ஆனால் பிறந்தது பிழைக்கும், சீக்கிரம் எடை ஏறும், லாரியில் வருகிற சோளத்தட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குண்டடம் சந்தையில் வியாபாரி குட்டியின் இடுப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்; உங்கள் பட்டியில் எத்தனை நிற்கிறது என்று கேட்டுச் சொல்வதில்லை.

இன்னொன்று, காய்ந்த புல்லை வீணாக்காதீர்கள். கொழுக்கட்டைப் புல் இளசாக இருக்கும்போது நல்ல புரதம் இருக்கும். முற்றிக் காய்ந்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தீவனத்தில் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இரைப்பையில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். வயிறு நிறையத் தின்றும் ஆடு மெலியும். அந்தச் சமயத்தில் தட்டு வாங்கிப் போடுவது நாருக்கு மேல் நார். அதற்குப் பதில் வேலங்காயோ சவுண்டல் (சூபாபுல்) தழையோ அகத்தியோ கொஞ்சம் பருத்திக்கொட்டையோ கொடுத்தால், காட்டில் நிற்கிற காய்ந்த புல்லே செரித்து உடம்பில் ஒட்டும். அதற்குக் காட்டில் காய்ந்த புல் நிற்க வேண்டுமே!

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். கிடாயை வருடம் முழுக்க மந்தையிலேயே விட்டுவைத்தால் குட்டி எல்லா மாதமும் விழும், பங்குனியிலும் விழும். ஆனி, ஆடியில் மட்டும் சேர்த்தால் கார்த்திகை, மார்கழியில் குட்டி. தாய்க்குப் பால் சுரக்க வேண்டிய நேரமும் காட்டில் பச்சை நிறைந்த நேரமும் ஒன்றாகச் சேரும். கோடை கடுமையாவதற்குள் கிடாக்குட்டிகளை விற்றுக் கைகழுவிவிட்டால் புல்லின் மேல் பாரம் தானாகக் குறையும். இது ஆடு வைத்திருக்கிற என் போன்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. குத்தகை நாள் நீளமாக இருந்தால்தான் இப்படித் திட்டம் போட மனம் வரும் என்பதற்காகச் சொன்னேன்.

மாற்றி மாற்றி மேய்ப்பதைப் பற்றி இப்போது செல்போனில் நிறைய வீடியோ ஓடுகிறது. தினம் ஒரு துண்டு, சோலார் கம்பி வேலி, நெருக்கி விட்டால் பாலைவனமும் பச்சையாகும் என்றெல்லாம். இதில் பாதி சரி. புல் மறுபடி வளர்ந்து தேறும்வரை அதற்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு பருவத்துக்குப் பருவம் மாறும் என்று பிரான்சில் வுவாசான் என்ற ஆய்வாளர் 1950-களிலேயே எழுதிவிட்டார். ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வேலை பார்த்த ஆலன் சேவரி அதை வறண்ட நிலங்களுக்குப் பெரிதாக விரித்துப் பேசினார். உலகம் முழுக்க அவருக்குச் சீடர்கள். ஆனால் 2008-இல் பிரிஸ்கேயும் மற்ற மேய்ச்சல் நில ஆய்வாளர்களும் அதுவரை நடந்த பரிசோதனைகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, சுழற்சி மட்டுமே புல்லையோ எடையையோ கூட்டிவிடவில்லை, எத்தனை உருப்படி விடுகிறோம் என்பதுதான் முக்கால்வாசி தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. அதற்கு மறுப்பும் வந்தது, சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். இருபது ஆடு தின்ன முடியாத காட்டில் இருபது ஆட்டைச் சுற்றிச் சுற்றி விட்டாலும் காடு தீரத்தான் தீரும். எண்ணிக்கையைச் சரிசெய்த பிறகு சுழற்சி வைத்தால் நிச்சயம் உதவும்.

உதவும் என்று நான் சொல்வதற்குக் காரணம் புல் தளிர்க்கிற வேகம். மழைக்காலத்தில் கடித்த இடத்தில் நாலைந்து நாளில் புதுத் தளிர் வந்துவிடும். ஆடு அந்தத் தளிரைத்தான் தேடிப் போகும். முற்றிய பக்கத்துத் தூரைத் தொடாது. ஒரே காட்டில் மாதக்கணக்கில் நின்றால் நல்ல தூரே திரும்பத் திரும்பக் கடிபட்டுச் சாகிறது, தின்னாத தூர் முற்றித் தடித்து நிற்கிறது. நாலு காடு இருந்தால் ஒவ்வொன்றிலும் பத்து நாள் என்று வைத்தாலே ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள் ஓய்வு கிடைக்கும். கோடையில் புல் வளராது. அப்போது ஓய்வு என்று காலண்டரைப் பார்த்துப் பயனில்லை, மிச்சம் எவ்வளவு என்று தரையைப் பார்க்க வேண்டும்.

எல்லோரும் தவறவிடுவது முதல் மழையைத்தான். ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஒரு வாரத்தில் காடு பச்சை காட்டும். காய்ந்த வாயோடு இருக்கிற மந்தையை அன்றைக்கே உள்ளே விட்டால் ரெண்டு கேடு. அந்தத் தளிர், தூரில் மிச்சமிருந்த சத்தைச் செலவழித்து விட்டது. அதையும் கடித்துவிட்டால் தூரிடம் வேறொன்றும் இல்லை. அடுத்தது, இளம்பச்சையைத் திடீரென்று வயிறு முட்டத் தின்ற செம்மறிக்குத் துள்ளுமாரி வரும். நன்றாக இருந்த குட்டி துள்ளி விழுந்து செத்துப்போகும், கொழுத்ததாகப் பார்த்துத்தான் போகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட்டு, புல் அரைச் சாணுக்கு மேல் வளரும்வரை ஏதாவது ஒரு காட்டில் மட்டும் மந்தையை அடைத்துத் தட்டுப் போட்டுச் சமாளிக்கிறவனுக்கு மற்ற மூன்று காடும் வருடம் முழுக்கப் பதில் சொல்லும். குடற்புழுவும் இப்படித்தான். புழுக்குஞ்சு புல்லின் அடிப்பக்க ஈரத்தில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். தரையோடு மேய்கிற மந்தைக்குப் புழு ஏறுவதும், மருந்து வாங்கியே பணம் கரைவதும் அதனால்தான்.

ஒரு வருடம், ஒரே ஒரு காடு என்று குத்தகைக்கு எடுக்கிறவனால் இதில் எதைச் செய்ய முடியும்? இங்கே பாகப்பிரிவினையையும் சொல்லியாக வேண்டும். அப்பா காலத்தில் பதினாறு ஏக்கரில் நாலு கொறங்காடாக இருந்து, மந்தை மாறி மாறி மேய்ந்திருக்கும். அண்ணன் தம்பி நாலு பேர் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொருவனுக்குக் குத்தகை விட்டிருப்பீர்கள். நாலு பேரும் பேசிக்கொள்கிறீர்களோ இல்லையோ, அது உங்கள் குடும்ப விஷயம். குத்தகையையாவது நாலு பேரும் சேர்ந்து ஒரே ஆளுக்கு விடுங்கள். பணத்தைப் பரப்பளவுப்படி பிரித்துக்கொள்ளலாம். பட்டா தனித்தனியாக இருப்பதற்கும் மந்தை ஒன்றாக மேய்வதற்கும் எந்த மோதலும் இல்லை.

எழுதி வாங்க வேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். கால அளவும் உருப்படி எண்ணிக்கையும் முதலில். ஒரு மாட்டுக்கு இத்தனை ஆடு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கும் அதில் இருக்கட்டும்; இல்லையென்றால் “ஆடு பத்துதானுங்க, மாடு தனி” என்று என்னைப் போன்றவர்கள் பேசுவோம். ஒவ்வொரு காட்டிலும் மேய்ந்து வெளியேறும்போது அரைச் சாண் தாள் நிற்க வேண்டும். வருடத்துக்கு ஒரு காடு, சுழற்சி முறையில், மழை முடிந்து விதை உதிரும்வரை அடைத்து வைக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல் தன் விதையாலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். காடு ரொம்பவும் மொட்டையாகியிருந்தால் ஓர் உழவு ஓட்டி நீலக் கொழுக்கட்டை விதையோடு முயல்மசால் என்கிற பயறுவகைத் தீவனச் செடியின் விதையும் தூவலாம். அந்தச் செலவு நில உரிமையாளருடையது என்பது என் கருத்து. வருட முடிவில் போய்விடுகிறவன் உங்கள் காட்டில் விதை போட மாட்டான். புது விதையை உடனே போட்டால் முளைப்பு சரியாக வராது, சில மாதம் வைத்திருந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டெரு காட்டைவிட்டுப் போகக் கூடாது என்பதையும் எழுதுங்கள். பட்டி போட்டுச் சேர்த்த எருவை லோடு கணக்கில் தென்னந்தோப்புக்கு விற்றுவிடுகிறோம். நல்ல காசுதான். ஆனால் வருடா வருடம் புல்லாக எடுத்ததைச் சாணியாகக்கூடத் திருப்பித் தராத மண்ணில் என்ன மிஞ்சும்? பட்டியை வாரத்துக்கு ஒருமுறை காட்டுக்குள்ளேயே இடம் மாற்றிப் போட்டால் மொட்டை இடங்கள் தானாகத் தேறும்.

வேலியும் மரமும் இரண்டு பேருக்கும் பொது என்று வையுங்கள். கிளுவை வேலியில் சந்து விழுந்தால் குச்சி வெட்டி நடுவது குத்தகைக்காரன் வேலை. ஒன்றும் செலவில்லை, நட்ட குச்சி துளிர்த்துவிடும். வெள்வேல் மரத்தை விறகுக்கு விற்பதை நீங்கள் நிறுத்த வேண்டும். குத்தகை நடுவில் உரிமையாளர் மரம் வெட்ட ஆள் அனுப்புவது எனக்கே நடந்திருக்கிறது. ஒரு மரம் போனால் கோடையில் மந்தை படுக்கிற நிழலும் போகிறது, உதிர்கிற காயும் போகிறது.

நாய் விஷயம் தனி. கடந்த சில வருடமாக வெறிகொண்ட தெருநாய்க் கூட்டம் கொறங்காட்டுக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துக் குதறுவது இந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த கதை. இழப்பீடு கேட்டு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்ததும் தெரியும். படலைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற இந்தப் பண்ணையத்தின் ஆதாரமே இதனால் ஆட்டம் கண்டுவிட்டது. கிளுவை வேலிக்கு உள்பக்கம் கம்பி வலை போட வேண்டியிருக்கிறது. நாலு ஏக்கருக்குச் சுற்றிலும் வலை போடும் செலவை ஒரு வருடக் குத்தகைக்காரன் தலையில் கட்டினால் அவன் போட மாட்டான், ஆட்டை விற்றுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான். செலவில் பாதி நீங்கள், பாதி அவன், ஐந்து வருடக் குத்தகை என்றால் பேச இடமிருக்கிறது.

மழை பொய்த்த வருடத்தில் எண்ணிக்கையும் குறைய வேண்டும், பணமும் குறைய வேண்டும். பணம் குறையாதென்றால் எண்ணிக்கையும் குறையாது. அந்த ஒரு வருடத்திலேயே பத்து வருடத் தூர் போய்விடும். கார்த்திகை முடிவில் சட்டம் போட்டு அளந்து அந்த வருடத்துக்கு எத்தனை உருப்படி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

உங்களில் சிலருக்கு இதெல்லாம் படிக்கிறபோது, இவ்வளவு தொல்லைக்குச் சோலார் கம்பெனிக்கு விட்டுவிடலாமே, மனை போட்டு விற்றுவிடலாமே என்று தோன்றும். நியாயம்தான். அவர்கள் தருகிற பணத்தோடு ஆட்டுக்காரன் போட்டி போட முடியாது, போடவும் இல்லை. விற்காமல் வைத்திருக்கப் போகிற காட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். மொட்டைக் காட்டுக்குக் குத்தகை வருடா வருடம் இறங்கத்தான் செய்யும்; புல் நிற்கிற காட்டுக்கு எங்களுக்குள்ளேயே போட்டி.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று. நம் கொழுக்கட்டைப் புல்லையும் அதன் உறவுகளையும் வெளிநாட்டில் பஃபல் புல் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த வைக்கோலோடு அந்த விதை போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு குவீன்ஸ்லாந்திலும் டெக்சாஸிலும் லட்சக்கணக்கான ஏக்கர் மாட்டுப் பண்ணைகள் அந்தப் புல்லை நம்பித்தான் ஓடுகின்றன. அடங்காமல் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது, காட்டுத்தீயையும் பெருக்குகிறது என்று தென் ஆஸ்திரேலியாவிலும் அரிசோனாவிலும் அதைக் களை என்று அறிவித்து ஒழிக்கப் பார்க்கிறார்கள். அப்பேர்ப்பட்ட புல்லையே நாம் இங்கே மொட்டையடித்துக் கொன்று காட்டியிருக்கிறோம்.

அடுத்த முறை குத்தகை பேச உட்காரும்போது பழைய ஆளை உடனே மாற்ற வேண்டாம். அவரிடமே மூன்று வருடம் தருகிறேன், எண்ணிக்கை பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் தன் மந்தைக்கு உங்கள் காடு போதாது என்று தெரிந்தே இதுவரை எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு ஆள் வேண்டுமென்றால் மார்கழியில் சொல்லுங்கள், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் எந்தக் காடானாலும் வருகிறேன். குத்தகை எனக்கு விட வேண்டும் என்று கட்டாயமில்லை. டீயும் பெட்ரோலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் காடுகளில் ஆடு மேய்க்கும் ஒரு குத்தகைக்காரன்